கண் போதும் என்கிறவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் பிறகு, வழக்கம்போல் அரங்குக்கு வெளியே தேநீர்க் கடையில் எழுந்த வாக்குவாதத்தின் தொடர்ச்சி இது. அங்கே என்னைச் சொல்லி முடிக்க விடவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். சிறுகதை எழுதுகிற நண்பர் ஒருவர், லென்ஸ் மாற்றக்கூடிய சிறிய காமிரா ஒன்று வாங்க விரும்புவதாகவும், எதை வாங்கலாம் என்றும் கேட்டார். கேள்வி ஒன்று; கிடைத்த தீர்ப்புகள் இரண்டு. கூட்டத்தில் இருந்த கவிஞர், கண் இருக்கிறவனுக்கு எந்தக் காமிராவும் போதும், கருவியைத் தேடுகிறவன் கலைஞன் இல்லை என்றார். மென்பொருள் துறையில் இருக்கும் இன்னொருவர், ஃபுல் ஃப்ரேம் அல்லாத எதை வாங்கினாலும் காசைக் கிணற்றில் போட்டதற்குச் சமம் என்றார். நண்பர் இரண்டு பக்கமும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, எதையும் வாங்காமல் பேருந்து ஏறிப் போனார்.

இருவரும் நண்பருக்குத் தீங்கு செய்தார்கள் என்பது என் கட்சி. இதில் கவிஞர் செய்த தீங்கே பெரிது. ஏனென்றால் அது அழகாக இருந்தது.

மொழி முக்கியமில்லை, மனசு இருந்தால் போதும், கவிதை தானே வரும் என்று ஒருவர் நம் சிற்றிதழ் ஒன்றில் எழுதினால் என்ன ஆகும்? அடுத்த இதழில் நான்கு பக்கத்துக்கு எதிர்வினை வரும். அதில் மூன்று பக்கம் இதே கவிஞர் எழுதியதாக இருக்கும். யாப்பையும் சொல்லையும் பற்றி இவ்வளவு கறாராக இருக்கிற நாம், பக்கத்து வீட்டுக் கலை என்று வந்ததும் ஏன் திடீரென்று ஞானிகளாகிவிடுகிறோம்? கண் போதும் என்பது தத்துவம் போலத் தோன்றினாலும், விவரம் தெரிந்துகொள்ளும் சிரமத்திலிருந்து தப்பிக்கிற வழி மட்டுமே அது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இந்த வாசகத்தைச் சொல்லும் புகைப்படக்காரர்களின் தோளில் பெரும்பாலும் விலையுயர்ந்த கருவி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். பசியில்லாதவர்தான் உணவு முக்கியமில்லை என்று சொல்ல முடியும்.

கருவி கண்ணை உருவாக்கிய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1924ல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து எர்னமன் நிறுவனம் எர்மனாக்ஸ் என்ற சிறிய காமிராவை வெளியிட்டது. அதன் முன்பக்கத்தில் இருந்தது லுட்விக் பெர்டெலே வடிவமைத்த எர்னோஸ்டார் லென்ஸ். அதன் திறப்பு எஃப் 2. அந்நாளில் அது நம்பமுடியாத அகலம். எரிக் சாலமன் என்ற சட்டம் படித்த மனிதர் அதை எடுத்துக்கொண்டு ராஜதந்திரிகளின் கூட்டங்களுக்குள்ளும் நீதிமன்றங்களுக்குள்ளும் போனார். 1928ல் பெர்லினில் ஒரு கொலை வழக்கு விசாரணையைத் தொப்பிக்குள் ஒளித்துவைத்த காமிராவால் எடுத்தார். மெக்னீசியப் பொடியைக் கொளுத்தாமல், யாரையும் அசையாமல் நிற்கச் சொல்லாமல், அறைக்குள் இருக்கிற விளக்கிலேயே மனிதர்கள் பேசுவதையும் கொட்டாவி விடுவதையும் எடுக்கலாம் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சாலமனுக்கு முன்னால் ஐரோப்பாவில் கண் உள்ளவர்களுக்கா பஞ்சம்? எஃப் 2 இல்லை, அவ்வளவுதான். (சாலமன் 1944ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தக் கதையை வேறொரு சமயம் எழுத வேண்டும்.)

வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கி செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டிக் காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியவில்லை. சினிமாச் சுருளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு அவர் செய்த சிறிய பெட்டியே 1925ல் விற்பனைக்கு வந்த லைக்கா. 1930ல் அதன் லென்ஸைக் கழற்றி வேறு மாட்ட முடிந்தது. ஆக, நம் நண்பர் இன்று கேட்கிற லென்ஸ் மாற்றக்கூடிய சிறிய காமிராவுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. மூச்சு வாங்கிய ஒரு மனிதரின் உடம்பிலிருந்து பிறந்த யோசனை அது.

கார்ட்டியே-ப்ரெஸ்ஸோனைச் சொல்லாமல் இந்த விவாதம் முடிவதில்லை. கவிஞரும் அவரைத்தான் சாட்சிக்கு அழைத்தார். அந்தச் சாட்சி யார் பக்கம் பேசுகிறது என்று பார்க்கலாம். லைக்காவின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துக்கொண்டு நடந்தவர் அவர். கருவி முக்கியமில்லை என்று நினைத்தவர் செய்கிற காரியமா இது? லென்ஸ் மாற்றக்கூடிய காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரே 50 மி.மீ. லென்ஸில் கழித்தார். 1948 ஜனவரி 30 அன்று மாலை, காந்தி கொல்லப்பட்ட செய்தியை பிர்லா மாளிகை வாசலில் நேரு அறிவிக்கிற படம் நினைவிருக்கும். மங்கல்; விளக்கின் கூச்சம்; கூர்மை என்று எதுவும் இல்லை. தொழில்நுட்பம் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். அந்த வெளிச்சத்தில் அந்தப் படம் இருக்கிறது என்பதே, ஒரு கைக்குள் அடங்கும் காமிராவும் அகலத் திறப்புள்ள லென்ஸும் அங்கே இருந்ததால்தான். மங்கலாகவேனும் வந்த படத்துக்கும் வராத படத்துக்கும் உள்ள தூரம் பெரிது.

இந்தத் தூரத்தை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2011ல் இத்தகைய காமிரா ஒன்று வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதே தவறை அன்று எல்லா நிறுவனமும் செய்தது. கடையில் உடலோடு சேர்த்துக் கொடுக்கிற ஸூம் லென்ஸ் இருந்தது. கடைக்காரர், இதுவே எல்லாத்துக்கும் போதும் சார் என்றார். கண் போதும் என்பதன் வணிக வடிவம். அடுத்த ஆண்டு சித்திரையில், செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதக் கூத்துக்குப் போனேன். துரியோதனன் வேடம் கட்டியவர் எழுபதைத் தொட்ட வாத்தியார். கொட்டகைக்குள் ஒற்றை பல்பின் கீழே அவர் முகத்தில் அரிதாரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். புருவம் வரைகிறபோது ஒரு முகம் போய் இன்னொரு முகம் வரும். பின்பு முகவீணை எழும்பி, திரை பிடித்து, அவர் கிரீடத்தோடு சுழன்று வெளிவந்தபோது ஊரே எழுந்து உட்கார்ந்தது. இரவு முழுவதும் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன்.

முகத்தை நெருங்க ஸூமை நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸோடு ஒப்பிட்டால் அது உள்ளே விடுகிற வெளிச்சம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. நல்ல லென்ஸில் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிற காரியத்துக்கு இதற்கு ஆறில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் கூத்துக்காரர் அரை வட்டம் சுற்றிவிடுவார். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தது, உண்மை. அது என் கையைத்தான் நிறுத்தியது, துரியோதனனை நிறுத்தவில்லை. ஐஎஸ்ஓவை ஏற்றினேன், முகம் ரவை உப்புமா ஆனது. ஃப்ளாஷ் போட்டேன்; கட்டியங்காரன் ஆட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்து ஒரு வசனம் விட்டான், சபை சிரித்தது, நான் காமிராவை மூடிவிட்டேன்.

மறு ஆண்டு வாத்தியார் இறந்துபோனார். காரியம் முடிந்த பத்து நாளில் அவர் மகன் தொலைபேசியில் அழைத்தார். "சார், அப்பா வேஷம் கட்டின படம் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டார். முந்நூறு படங்களையும் திரும்பத் திறந்து பார்த்தேன். வேடத்தில் ஒரு முகம்கூட முகமாக இல்லை. அன்றிரவு என் கண்ணில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பதை கவிஞருக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி எண்வாதிகள் பக்கம் வருகிறேன். எத்தனை மெகாபிக்ஸல், வினாடிக்கு எத்தனை படம், சென்ஸார் எவ்வளவு பெரியது என்பதோடு இவர்கள் உலகம் முடிந்துவிடுகிறது. ஃபுல் ஃப்ரேம் என்ற சொல்லே ஒரு தந்திரம். 36க்கு 24 மி.மீ. என்பது பார்னாக் கையில் கிடைத்த சினிமாச் சுருளின் அகலம் தந்த அளவு. அதை முழுமை என்று அழைத்தால் மற்றதெல்லாம் ஊனம் என்றாகிவிடுகிறது. பார்னாக் செய்தபோது அதுவே பரிகசிக்கத்தக்க சிறிய அளவாக இருந்தது. ஒலிம்பஸின் யொஷிஹிஸா மைதானி 1959ல் அந்தச் சட்டத்தையும் பாதியாக வெட்டி பென் என்ற காமிராவைச் செய்தார். 36 படச் சுருளில் 72 படம். 1963ல் வந்த பென் எஃப், லென்ஸ் மாற்றக்கூடிய அரைச்சட்டக் காமிரா. 2008ல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற முறையை அறிவித்து, 2009ல் ஒலிம்பஸ் தன் முதல் காமிராவுக்கு மீண்டும் பென் என்றே பெயர் வைத்தது. சிறியதை விரும்பியவர்களுக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. அது ஏழைகளின் சமரசம் அல்ல.

எண்வாதிகள் எப்போதும் காமிரா உடலின் எடையைச் சொல்வார்கள், லென்ஸின் எடையைச் சொல்ல மாட்டார்கள். 2010ல் சோனி வெளியிட்ட நெக்ஸ்-5 விரல் தடிமனில் இருந்தது. உடல் 229 கிராம். கூட வந்த 18-55 ஸூம் மட்டும் 194 கிராம். மாட்டிப் பார்த்தால் தீப்பெட்டியில் டம்ளரைச் செருகியது போல இருக்கும், எந்தச் சட்டைப் பையிலும் நுழையாது. 2013ல் ஃபுல் ஃப்ரேம் சென்ஸாரோடு அதே நிறுவனம் கொண்டுவந்த ஏ7 பாட்டரியோடு அரைக் கிலோவுக்குக் குறைவு. அதற்கென்று 2016ல் வந்த 24-70 எஃப் 2.8 லென்ஸ் 886 கிராம். காமிராவுக்குள்ளிருந்த கண்ணாடியை எடுத்துவிட்டதால் உடல் மெலிந்தது. லென்ஸ் மெலியவில்லை, ஏனென்றால் லென்ஸின் அளவைத் தீர்மானிப்பது உடல் அல்ல, சென்ஸார். எஃப் 1.8 என்றால் குவிய தூரத்தை 1.8ஆல் வகுத்த அகலம். ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. காட்டுகிற காட்சியை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. காட்டிவிடும். முன்னதுக்கு 28 மி.மீ. திறப்பு வேண்டும், பின்னதுக்கு 14 போதும். ஒலிம்பஸின் 45 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 116 கிராம்தான். இரண்டு விரலில் தூக்கலாம்.

இங்கே எண்வாதிகளுக்கு உரிய நியாயத்தைத் தந்துவிட வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்ஸார் 17.3க்கு 13 மி.மீ.; பரப்பளவில் ஃபுல் ஃப்ரேமின் கால்பங்கு சொச்சம். அதே எஃப் எண்ணில் அது சேகரிக்கும் மொத்த வெளிச்சமும் அவ்வளவே. சுமை குறைந்தது இனாமாக அல்ல. வெளிச்சத்தில் முக்கால் பங்கை விட்டுக்கொடுத்து வாங்கியது அது. பின்னணியைக் கரைத்து முகத்தை மட்டும் நிறுத்துவதிலும் பெரிய சென்ஸார்தான் முன்னே நிற்கும். திருமண மண்டபத்தில் சம்பாதிக்கிறவர் அதை வாங்கட்டும். ஆனால் எண்வாதி நண்பர் தன் ஃபுல் ஃப்ரேமில் மாட்டியிருப்பது எஃப் 5.6 வரை சுருங்குகிற ஸூம். 116 கிராம் லென்ஸோடு எதிரே நிற்கிறவர் சென்ஸாரில் இழந்த வெளிச்சத்தையும் மீட்டு, மேலே இரண்டு மடங்குக்கும் அதிகமாக வாங்கிக்கொண்டிருப்பார். இந்தக் கணக்கைத் தேநீர்க் கடையில் போட்டுக் காட்டத்தான் பேனா கேட்டேன். யாரும் தரவில்லை. அத்தனை பேரும் எழுத்தாளர்கள்.

ஆகவே நண்பருக்கு நான் சொல்ல நினைத்தது இது. முதலில் லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு எதை எடுக்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் நின்று, எந்த வெளிச்சத்தில் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் எழுதுகிற கதைகளை வைத்துச் சொன்னால், உங்களுக்கு வேண்டியது முற்றங்கள், பாட்டிகள், சாயங்காலங்கள். அதற்கு ஏறத்தாழ மனிதக் கண்ணின் வீச்சில் பார்க்கிற சின்ன லென்ஸ் ஒன்று, முகத்துக்கு இன்னொன்று. இரண்டும் எஃப் 2க்குக் கீழே. 2009ல் வந்த பானசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7 நூறு கிராம் எடை, பிஸ்கட் போலத் தட்டை. ஃபோகஸ் செய்யும்போது ஆட்டுக்கல் போல முனகும், மெதுவானதும்கூட, ஆனாலும் நான் அதை விடமாட்டேன். ஃபூஜியில் 35 மி.மீ. எஃப் 2 இருக்கிறது, 170 கிராம். அதன் ஏபிஎஸ்-சி சென்ஸார் இரண்டுக்கும் நடுவான அளவு. லென்ஸ் தீர்மானமான பிறகு அது எந்த உடலில் பொருந்துகிறதோ அந்த உடல், அதிலும் கையில் மிச்சமிருக்கிற பணத்துக்கு வருவது. பழைய உடலாக இருந்தால்கூடப் பாதகமில்லை.

உடல் பழசாகலாம், மவுண்ட் அனாதையாகக்கூடாது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. லென்ஸ் மாற்றலாம் என்பது ஒரு வாக்குறுதி. நாளை இன்னொரு லென்ஸ் வரும் என்பது அதன் பொருள். சாம்சங் 2010ல் என்எக்ஸ் வரிசையைத் தொடங்கியது. 2015ல் வந்த என்எக்ஸ்500க்குப் பிறகு புதிய உடல் இல்லை, நிறுவனம் துறையை விட்டே போய்விட்டது. நிக்கான் 2011ல் நிக்கான் 1 என்று ஒன்று கொண்டுவந்து 2018ல் மூடியது. அதே 2011ல் வந்த பென்டாக்ஸ் க்யூ, சட்டைப் பைக்குள் போகும் அழகிய பொம்மை. சென்ஸார் அந்நாளைய சாதாரணக் கைக் காமிராவினுடையது. 2014க்குப் பிறகு அதற்கும் வாரிசு இல்லை. கானன் 2012ல் தொடங்கிய ஈஓஎஸ் எம் வரிசை நன்றாக விற்றது. 2018ல் ஆர்எஃப் என்ற புது மவுண்ட் வந்தது. எம் லென்ஸ்கள் அதில் பொருந்தாது. 2023ல் எம் வரிசை கதை முடிந்தது. இவற்றையெல்லாம் நம்பி மூன்று நான்கு லென்ஸ் சேர்த்தவர்களிடம் இருப்பது பதிப்பாளர் மூடிவிட்டுப்போன நாவலின் முதல் பாகம். ஒலிம்பஸ்கூடத் தன் காமிராப் பிரிவை விற்றுவிட்டது. 2021 முதல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனம் அதை நடத்துகிறது. ஆனால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் இரண்டு நிறுவனங்கள் கூட்டாக நிறுவிய பொது மவுண்ட் என்பதால் பழைய லென்ஸ்கள் புதிய உடலில் இன்றும் வேலை செய்கின்றன. ஒருவர் தளர்ந்தால் இன்னொருவர் தாங்குகிற ஏற்பாடு அது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கைவிளக்கை ஒருபக்கம் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஈரத்துக்கு லென்ஸின் பரம வைரி. தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டினால் அதற்குக் கொண்டாட்டம். காற்றுப் புகாத டப்பாவும் நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். கூத்துக் களத்தில் லென்ஸ் மாற்றுகிறவர்கள் காமிராவை அணைத்து, வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு மாற்றுங்கள். செம்மண் நேராகச் சென்ஸாரில் குடியேறும்.

இத்தனை சிரமம் எதற்கு, தொலைபேசி இருக்கிறதே என்ற கேள்விக்கு ஒரே பதில். பகல் வெளிச்சத்தில் அது போதும், நானும் அதில்தான் எடுக்கிறேன். இருட்டில் அது பல படங்களை எடுத்து ஒன்றாக நெய்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது அற்புதம், சுழல்கிற கிரீடத்துக்கு அல்ல. இனி, ஒரே லென்ஸில் வாழ்நாளைக் கழிக்கத் துணிந்தவர் லென்ஸ் மாற்றும் காமிராவே வாங்க வேண்டாம். ரிக்கோ ஜிஆர், ஃபூஜி எக்ஸ்100 போன்ற நிலையான லென்ஸ் காமிராக்கள் இன்னும் சிறியவை, தூசு புகும் வாய்ப்பும் குறைவு. ஜப்பானின் டைடோ மொரியாமா ரிக்கோவைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர். கடையில் கொடுக்கிற ஸூமோடு கடைசிவரை குடித்தனம் நடத்தப்போகிறவருக்கும் இதே பதில்தான். கழற்றும் பொத்தானை அழுத்தவே போகாதவர் அதற்கு ஏன் காசு தர வேண்டும்?

வாத்தியாரின் மகனுக்கு ஒரு படம் அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூத்து முடிந்து விடிந்த பின்பு, பாதி கலைத்த அரிதாரத்தோடு திண்ணையில் உட்கார்ந்து அவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்ததை அதே மட்டமான ஸூமில் எடுத்திருந்தேன். காலை வெளிச்சத்தில் எஃப் 5.6க்கு ஒரு குறையும் இல்லை. காதோரம் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. அதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது மகன் காட்டினார். பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வெறுமனே விட்டிருந்தார்கள். வேடம் கட்டின படம் எங்காவது, யாரிடமாவது கிடைத்தால் மாட்டுவதற்காம்.

இப்போது அந்தத் துரியோதனனை மகன்தான் கட்டுகிறார். வருகிற சித்திரையில் சிறுகதை நண்பரையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அதற்குள் அவர் ஏதாவது ஒன்றை வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் என்னுடைய 45 மி.மீ.ஐ ஒரு இரவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கவிஞரும் வருவதாக இருக்கிறார். அவர் கண்ணோடு வரட்டும்.